இசைப் பட்டப்படிப்பை மாற்றுவதென்றால் தேர்விலிருந்து தொடங்க வேண்டும்: உங்கள் கருத்து என்ன?

நாதவெளி எழுதியது:

வணக்கம். பல்கலைக்கழக இசைத்துறை ஒன்றில் பாடம் நடத்துகிறேன். பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே பேசப்போவதை முதலில் இங்கே வைக்கிறேன். வாசிப்பவர்கள், ஒலிப்பதிவு செய்பவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள் என்று எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள்.

இதுவரை நான் பார்த்த திருத்தங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிந்திருக்கின்றன. நடுவில் இருப்பதைத் தொடுவதில்லை, ஓரத்தில் ஒரு விருப்பப் பாடத்தை ஒட்டிவிடுவார்கள். 'இசைத் தொழில்நுட்பம் 1' என்று ஒன்று வரும். இரண்டு வருட நான்கு குரல் ஆர்மனி, அதாவது நான்கு வரிகள் சேர்ந்து ஒலிக்கும்படி எழுதும் பயிற்சி, அப்படியே இருக்கும். பழங்காலத்தில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டுக்கு வரும்போது நேரம் தீர்ந்துபோகும் வரலாற்றுப் பாடமும் இருக்கும். கடைசியில் ஒரு மணி நேரத் தனிக் கச்சேரி.

இந்த அமைப்பை நான் குறைசொல்லவில்லை. 1795ல் பாரிஸ் கன்சர்வட்வார் தொடங்கியபோதும், 1843ல் மெண்டல்சன் லைப்சிக்கில் தொடங்கியபோதும் ஓபரா அரங்குகளுக்கும் இசைக்குழுக்களுக்கும் தேர்ந்த ஆட்கள் வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்கு அது நல்ல விடை. இன்று ஒரு முழு சிம்ஃபனி இசைக்குழுவில் எண்பதிலிருந்து நூறு பேர் இருப்பார்கள். ஒருவர் விலகினால்தான் ஓர் இடம் காலியாகும், அந்த ஓர் இடத்துக்கு நூறு பேருக்கு மேல் விண்ணப்பிப்பது சாதாரணம். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் செய்யப்போவது வேறு வேலை: பாட்டு எழுதுவது, பீட் போடுவது, படத்துக்கும் வீடியோ விளையாட்டுக்கும் இசை அமைப்பது, பிறர் ஒலிப்பதிவுகளுக்குப் போய் வாசிப்பது (செஷன்), ஒரு பாட்டை எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்று பிரித்து எழுதுவது (அரேஞ்ச்), சொல்லிக்கொடுப்பது. பல சமயம் ஒரே ஆள் இதெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

என் கருத்து இதுதான். புதுப் பாடம் சேர்ப்பதால் எதுவும் மாறாது. தேர்வில் எது கேட்கப்படுமோ அதைத்தான் மாணவர் சாதகம் செய்வார், ஆசிரியரும் அதைத்தான் நடத்துவார். அதனால் முதலில் இறுதித் தேர்வை மாற்ற வேண்டும். தனிக் கச்சேரி மட்டும் போதாது. தானே உருவாக்கிய ஒரு படைப்பு, வேறு கலைஞர்கள் வாசிப்பதற்காகச் செய்த ஓர் அரேஞ்ச்மென்ட், பதிவிலிருந்து வெளியீடுவரை தானே கொண்டுபோன ஓர் ஒலிப்பதிவு, இவற்றோடு மேடை நிகழ்ச்சி. இத்தனையும் சேர்ந்துதான் பட்டம். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்லுங்கள்.


பழைய பியானோ எழுதியது:

நாற்பது வருடத்துக்குக் கிட்டத்தட்ட பியானோவும் ஆர்மனியும் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு இரண்டு தயக்கம்.

முதலாவது, கருவிகள் சாகும். 1948ல் பியர் ஷேஃபர் பாரிஸ் வானொலியில் ஒலித்துண்டுகளை வைத்து இசை செய்தார். அடுத்து வந்தவர்கள் டேப்பை வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் சிந்தசைசர், 1983ல் மின்னணு வாத்தியங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி, அப்புறம் கணினி. டேப் ஒட்டுவதை மட்டும் படித்தவருக்கு அந்தப் படிப்பு எத்தனை காலம் சோறு போட்டிருக்கும்? இன்றைக்கு ஒரு மென்பொருளை வைத்துப் பாடம் அமைத்தால், மாணவர் பட்டம் வாங்கும்போது திரையே வேறு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பேஸ் வரியைக் கேட்டு, அதன்மேல் என்ன நடக்கிறது என்று சொல்லும் காது கடைசிவரை கூட வரும்.

இரண்டாவது, நேரம். நான்கு வருடம் நான்கு வருடம்தான். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகும். எது போகும் என்று நீங்கள் சொல்லவே இல்லை. நான்கு குரல் எழுத்துப் பயிற்சியை விதிகளின் பட்டியலாகப் பார்ப்பவர்கள் அதை வெளியே தள்ளச் சொல்வார்கள். அதை ஒழுங்காகச் செய்தவருக்குத் தெரியும், நான்கு வரிகளும் தனித்தனியாக உயிரோடு இருந்துகொண்டே சேர்ந்து ஒலிப்பதைக் கேட்கப் பழக்கும் பயிற்சி அது. பின்னணிக் குரல் அமைப்பவருக்கும் அது வேண்டும், சிந்த் அடுக்குபவருக்கும் வேண்டும்.


மிக்ஸிங் மேசை எழுதியது:

பியானோ சார், கருவி சாகும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒலிப்பதிவுப் படிப்பை மென்பொருள் படிப்பு என்று நினைப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. இரண்டு மைக் வைக்கும்போது ஒலிமூலத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக்கை வைத்தால், ஒரே ஒலி இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து ஒன்றையொன்று கெடுக்கும் ஃபேஸ் தொல்லை குறையும். இது டேப் காலத்திலும் உண்மை, இன்றும் உண்மை. உரத்த ஒலியை அடக்கும் கம்ப்ரெஸர், அடக்கத் தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக்கை நீட்டினால் அடியின் முனை தப்பித்து வெளியே வரும், சுருக்கினால் மழுங்கும். இதுவும் எந்தத் திரையில் செய்தாலும் ஒன்றுதான்.

இது புதிய கோரிக்கையும் இல்லை. 1946லேயே இசையமைப்பாளர் ஷோன்பெர்க் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, இசையும் ஒலியியலும் தெரிந்த ஒலிப்பதிவாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று கேட்டார். 1949ல் ஜெர்மனியின் டெட்மோல்டில் அப்படிப்பட்ட இசை தெரிந்த ஒலிப்பதிவாளர்களுக்கான டோன்மைஸ்டர் படிப்பு தொடங்கியது. இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகம் 1970ல் தொடங்கியது. அங்கெல்லாம் கருவி வாசிப்பும் ஆர்மனியும் ஒலிப்பதிவும் ஒரே மாணவருக்குச் சேர்த்துத்தான் சொல்லித்தரப்படுகின்றன.

எனக்கு வேண்டியது காதுப் பயிற்சியை விரிவாக்குவது. இப்போது காதுப் பயிற்சி என்றால் இடைவெளியைச் சொல், கார்டைச் சொல், மெட்டை எழுது. சுரம் மட்டும்தான். என் மேசைக்கு முன்னால் உட்காரும் பட்டதாரி, "ஏதோ மூடின மாதிரி இருக்கிறது" என்கிறார். 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கூடுதலாக இருக்கிறதா, 3 கிலோஹெர்ட்ஸில் குறைகிறதா என்று அவருக்குச் சொல்ல வரவில்லை. இதைப் பயிற்சியால் கொண்டுவர முடியும். வார்சாவில் ஷோபன் பெயரில் இருக்கும் இசைக் கல்விக்கூடத்தில் 1970களிலேயே ஒலிநிறத்துக்கென்று (ஒரே சுரம் வாத்தியத்துக்கு வாத்தியம் வேறாகக் கேட்கும் தன்மை) தனிக் காதுப் பயிற்சி தொடங்கினார்கள். ஒரு பதிவில் எந்த அலைவரிசை கூட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டே சொல்வது அதில் ஒரு பாடம். இதை எல்லா இசை மாணவருக்கும் வையுங்கள். வயலின்காரருக்கும் இதனால் நன்மைதான், தன் வில் எங்கே படும்போது என்ன நிறம் வருகிறது என்று கேட்கத் தொடங்குவார்.


இரண்டாம் வயலின் எழுதியது:

நான் பட்டம் வாங்கி அதிக காலம் ஆகவில்லை. முழுக்க முழுக்க மேற்கத்திய செவ்வியல் படிப்பு. சுரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பேன். படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் செஷனில் எனக்குக் கொடுத்தது ஒரு தாள், அதில் கார்டுப் பெயர்கள் மட்டும். "இந்த இடத்தில் எட்டு பாருக்கு உங்களுக்குத் தோன்றுவதை வாசியுங்கள்" என்றார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பதினைந்து வருடமாகக் கையில் இருந்த வாத்தியம், ஆனால் யாரும் எழுதிக்கொடுக்காத ஒரு வரியை அதில் வாசிக்க ஒரு முறைகூட என்னை யாரும் கேட்டதில்லை.

அதேசமயம் பியானோ ஐயா சொல்வதும் எனக்குப் புரிகிறது. பின்னணி இசைப் பதிவுகளுக்கு இப்போது என்னைக் கூப்பிடுவதே என் வாசிக்கும் திறனுக்காகத்தான். ஒத்திகை இல்லை, தாளை வைப்பார்கள், காதில் தாளம் காட்டும் கிளிக் ஓடும், இரண்டாவது டேக்கில் முடிந்திருக்க வேண்டும். அந்தத் திறமையைத் தந்தது பழைய படிப்புதான், அதை யாரும் குறைக்கக் கூடாது. ஆனால் கற்பனையில் வாசிப்பதற்கு ஜாஸ் படிப்பவர்களுக்கு மட்டும்தான் வகுப்பு என்று பிரித்து வைத்தார்களே, அது எதற்கு?


ஏட்டுச்சுவடி எழுதியது:

இசை வரலாற்று ஆய்வில் இருக்கிறேன். இரண்டாம் வயலின் கேட்டதற்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கற்பனை வாசிப்பு செவ்வியல் இசைக்கு அந்நியமானது என்ற எண்ணம் பழமையானது அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்தில் நான்கு கன்சர்வட்டரிகள் இருந்தன. அநாதைப் பிள்ளைகளை வளர்க்கும் இல்லங்களாகத் தொடங்கியவை அவை. பிள்ளைகள் வளர்ந்ததும் பிழைக்க ஒரு தொழில் வேண்டும், அதற்கு இசை கற்றுத்தந்தார்கள். கற்றுத்தந்த முறைக்குப் பெயர் பார்ட்டிமெண்டோ. ஆசிரியர் ஒரு பேஸ் வரியை மட்டும் கொடுப்பார். மாணவர் விசைப்பலகையில் உட்கார்ந்து, அதன்மேல் முழு இசையையும் அந்த இடத்திலேயே உருவாக்க வேண்டும். முதலில் எளிய கார்டுகள், அப்புறம் மெட்டு, அப்புறம் ஒன்றையொன்று பின்தொடரும் குரல்கள், கடைசியில் ஃபியூக். துராந்தே, ஃபெனரோலி போன்றவர்கள் எழுதிவைத்த பேஸ் வரிகள் இன்றும் கிடைக்கின்றன. ஐரோப்பா முழுக்க ஓபரா எழுதப் போனவர்கள் இப்படிப் படித்து வந்தவர்கள்.

பாக், மொசார்ட், பீத்தோவன் மூவருமே அவர்கள் காலத்தில் கற்பனை வாசிப்புக்குப் பேர்போனவர்கள். கான்செர்டோவில் கடென்சா என்ற இடமே வாசிப்பவர் தானாகச் செய்வதற்காக விடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அதையும் எழுதிவைத்து மனப்பாடம் செய்யும் வழக்கம் வலுத்தது. உருவாக்குபவர் ஒருவர், வாசிப்பவர் இன்னொருவர், பிழை பார்ப்பவர் மூன்றாமவர் என்று வேலை பிரிந்தது. நம் பாடத்திட்டம் அந்தப் பிரிவினையைத்தான் பாதுகாத்து வருகிறது. பியானோ சார் நேசிக்கும் அதே நான்கு குரல் அறிவை நேப்பிள்ஸில் விரல் வழியாகக் கொடுத்தார்கள். நாம் காகிதம் வழியாகக் கொடுக்கிறோம்.

2014ல் அமெரிக்காவின் காலேஜ் மியூசிக் சொசைட்டி அமைத்த குழு ஒன்று இளநிலை இசைப் படிப்பை ஆராய்ந்து அறிக்கை தந்தது. கற்பனை வாசிப்பும் இசையமைப்பும் ஓரத்தில் கிடக்கின்றன, அவற்றை மையத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2017ல் ஹார்வர்ட் தன் இளநிலை இசைப் படிப்பில் எல்லோரும் ஒரே கோட்பாட்டு வரிசையையும் வரலாற்று வரிசையையும் படித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தியது. 2020ல் இசைக் கோட்பாட்டாளர் ஃபிலிப் இயூவெல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது: அமெரிக்காவில் அதிகம் பயன்படும் 7 கோட்பாட்டுப் பாடநூல்களில் 2,930 இசை எடுத்துக்காட்டுகள், அவற்றில் வெள்ளையரல்லாதவர்கள் இயற்றியவை 49. சதவீதத்தில் 1.67. இன்றைய மாணவர் தினமும் காதில் மாட்டிக் கேட்கும் இசையில் எவ்வளவு பங்கு கறுப்பினத்தவர் கண்டுபிடித்த வடிவங்கள் என்று யோசியுங்கள்.


பழைய பியானோ எழுதியது:

பார்ட்டிமெண்டோ பற்றிச் சொன்னதற்கு நன்றி. முழுக்க ஒத்துக்கொள்கிறேன், ஆர்மனியை விசைப்பலகையில் நடத்தினால் பாதி நேரத்தில் இரண்டு மடங்கு பதியும். என் வகுப்பில் அதை எப்போதும் செய்து வந்திருக்கிறேன்.

ஆனால் நிபந்தனைகளைத் தளர்த்துவது என்ற வழியை நான் ஏற்க மாட்டேன். யோசித்துப் பாருங்கள். சின்ன வயதிலேயே தனியாக ஆசிரியர் வைத்துக் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைக்கு, கட்டாயப் பாடம் இல்லையென்றாலும் அடிப்படை கையில் இருக்கிறது. தானே கேட்டுக் கேட்டுப் பழகி, திறமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு அந்த அடிப்படையைத் தர இருக்கும் ஒரே இடம் பல்கலைக்கழகம்தான். அங்கேயும் "உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கொள்" என்றால், எதை எடுக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சுதந்திரம் என்ற பேரில் அவரைத்தான் கைவிடுகிறோம். பாடம் மாறட்டும், கட்டாயம் இருக்கட்டும்.


தாளக்கட்டு எழுதியது:

பியானோ அண்ணா, இந்தக் கடைசிப் பத்தியோடு நூறு சதவீதம் நிற்கிறேன். நான் அப்படிக் கேட்டுப் பழகி வந்த ஆள். டிரம்ஸ் வாசிப்பேன், பீட் செய்வேன்.

அந்தக் கட்டாயப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோட்பாட்டுப் பாடநூலை எடுத்தால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சுரம், கார்டு, சுருதி மாற்றம். தாளம் முதல் அத்தியாயத்தில் ஏழெட்டுப் பக்கத்தில் முடிந்துவிடும். முழு நோட், அரை நோட், கால் நோட், சரி, அடுத்த பாடம். கடந்த ஐம்பது வருட மக்களிசையில் பெரிய கண்டுபிடிப்புகள் பல நடந்தது தாளத்திலும் ஒலிநிறத்திலும்தான். நம் படிப்போ அந்த இரண்டிலும்தான் ஏழை.

ஒலித்துண்டுகளை வாசிக்கும் சாம்பிளரில் ஸ்விங் வைப்பதை, அதாவது ஒவ்வோர் இரண்டாவது அடியையும் கொஞ்சம் தாமதப்படுத்துவதை, எடுத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதம் என்றால் சம இடைவெளி, 66 சதவீதம் என்றால் திஸ்ர நடையின் சாயல். இரண்டுக்கும் நடுவில் 54, 58 என்று வைக்கும்போது வரும் ஆட்டத்தைச் சுரக்குறிப்பில் எழுத முடியாது. ஜே டில்லா போன்ற ஹிப் ஹாப் பீட் கலைஞர்கள் ஸ்நேரை ஒரு பக்கம் இழுத்து, ஹை-ஹாட்டை இன்னொரு பக்கம் தள்ளி வைத்தார்கள். அப்புறம் உயிருள்ள டிரம்மர்கள் அதைக் கேட்டுக் கையால் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். இது ஒரு கோட்பாட்டு வகுப்புக்குத் தாராளமாகத் தாங்கும் விஷயம். அளந்து பார்க்கலாம், வாசித்துப் பார்க்கலாம், மாற்றிப் பார்க்கலாம்.

தாளக் கல்விக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் ஆம்ஸ்டர்டாம் கன்சர்வட்டரியைப் பாருங்கள். ரஃபேல் ரெய்னா என்பவர் கர்நாடக இசையின் தாளக் கணக்கை மேற்கத்திய மாணவர்களுக்கான முழுப் பாடமாக்கியிருக்கிறார். சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, சதுஸ்ரத்திலிருந்து (நான்கு) கண்டத்துக்கும் (ஐந்து) மிஸ்ரத்துக்கும் (ஏழு) நடை மாற்றிப் பழகுகிறார்கள். அந்த மாணவர்கள் அதை வைத்துக் கர்நாடகக் கச்சேரி செய்யப்போவதில்லை. நவீன இசைக்குழுவில் எழுதியிருக்கும் ஐந்துக்கு நான்கு, ஏழுக்கு ஐந்து மாதிரியான சிக்கல்களைத் தடுமாறாமல் வாசிப்பதற்கும், தாங்களே எழுதுவதற்கும் அது உதவுகிறது. நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அறிவு இது.

இன்னொரு கேள்வி, நாதவெளி. கடைசித் தேர்வைப் பற்றியே பேசுகிறீர்கள். நுழைவுத் தேர்வு? மடிக்கணினியும் பேட் கன்ட்ரோலரும்தான் என் வாத்தியம் என்று ஒருவர் வந்தால், உங்கள் துறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுமே.


நாதவெளி எழுதியது:

தாளக்கட்டு, சரியான இடத்தில் கேட்டீர்கள். நுழைவும் தேர்வுதான், அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரி 2018ல் எலெக்ட்ரானிக் டிஜிட்டல் கருவியை முதன்மை வாத்தியமாக ஏற்கத் தொடங்கியது. கணினியும் கன்ட்ரோலர்களும் சேர்ந்த அமைப்பை மாணவர் மேடையில் வாசித்துக் காட்ட வேண்டும். வெறுமனே பொத்தானை அழுத்தி ஓடவிட்டால் செல்லாது. அந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாத்தியம் எதுவாகவும் இருக்கலாம், கையும் காதும் அந்த நிமிடத்தில் வேலை செய்ய வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு கவலையும் உண்டு, இங்கே சொல்லிவிடுகிறேன். 1947ல் வட டெக்சாஸில் முதல் ஜாஸ் பட்டப்படிப்பு தொடங்கியபோது அதற்கு நடன இசைக்குழு என்றுதான் பெயர் வைக்க முடிந்தது, அவ்வளவு எதிர்ப்பு இருந்த காலம் அது. நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப்பள்ளி ஜாஸுக்குக் கதவைத் திறக்க 2001 ஆயிற்று. உள்ளே வந்த பிறகு என்ன நடந்தது? பல இடங்களில் ஜாஸும் இந்தக் கார்டுக்கு இந்த ஸ்கேல் என்ற பாடமாகிவிட்டது. அதே பாட்டுகள், அதே தனி ஆவர்த்தனங்களைப் படியெடுப்பது, அதற்கும் ஒரு மதிப்பெண் அட்டவணை. தெருவிலும் இரவு விடுதியிலும் வளர்ந்த இசையைத் தேர்வு முறைக்குத் தோதாகச் செதுக்கிவிட்டோம். ஹிப் ஹாப்புக்கும் மின்னணு நடன இசைக்கும் நாளை இதையே செய்துவிடக் கூடாது.

இதைத் தவிர்த்தவர்களும் இருக்கிறார்கள். ஹெல்சின்கியில் சிபேலியஸ் அகாடமி 1983ல் நாட்டுப்புற இசைத்துறையைத் தொடங்கியது. பழைய பாட்டுகளை அப்படியே காப்பாற்றி வைப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பழைய பாணியை உள்ளிருந்து கற்றுக்கொண்டு, அதில் தானே புதிதாகச் செய்வது படிப்பின் பகுதி. பாணி எதுவானாலும் மாணவர் அதில் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்பதைத் தேர்வு கேட்டால், அந்தப் பாணி அருங்காட்சியகப் பொருளாகாது என்று நம்புகிறேன்.


உரிமைக்கணக்கு எழுதியது:

இசை உரிமை தொடர்பான வேலையில் இருக்கிறேன். இந்த இழையில் யாரும் தொடாத ஒரு பக்கம் இது.

பட்டம் வாங்கிய எத்தனையோ பேருக்கு, ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன என்று தெரியவில்லை. மெட்டும் வரியும் ஓர் உரிமை. அதன் ஒலிப்பதிவு இன்னோர் உரிமை. இரண்டுக்கும் உரிமையாளர் வேறுவேறாக இருக்கலாம், பணம் வரும் வழியும் வேறு. பதிவுக்கு ஓர் அடையாள எண், படைப்புக்கு வேறோர் அடையாள எண். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு வந்து அழுபவர்களை நான் பார்க்கிறேன். நான்கு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டை உருவாக்கினால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அறையை விட்டுப் போவதற்குள். நாதவெளி சொல்லும் இறுதித் தேர்வில் அந்தத் தாளும் ஒரு பகுதியாக இருக்கட்டும்.

தயவுசெய்து இதை 'தொழில்முனைவு' என்ற பாடமாக்கி வணிகத் துறைக்கு அனுப்பிவிடாதீர்கள். இது இசைக் கோட்பாட்டோடு சேர்ந்த விஷயம். 1991ல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் அனுமதியில்லாத சாம்பிளுக்கு (பிறர் பதிவிலிருந்து எடுத்த துண்டுக்கு) எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகு ஹிப் ஹாப்பின் ஒலியே மாறியது, பத்து இருபது துண்டுகளை அடுக்கிச் செய்யும் பாணி கட்டுப்படியாகாமல் போயிற்று. மார்வின் கேயின் பழைய பாட்டைப் பார்த்துச் செய்தார்கள் என்ற வழக்கில், 2015ல் பாடகர்கள் ஃபாரெல் வில்லியம்ஸ், ராபின் திக் இருவருக்கும் எதிராக அவர் குடும்பத்துக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு 2018ல் மேல்முறையீட்டிலும் நின்றது. அந்த வழக்கில் மூலப் பாட்டின் ஒலிப்பதிவை ஜூரிக்குப் போட்டுக் காட்டவில்லை. அன்றைய சட்டப்படி, பதிவு அலுவலகத்தில் கொடுத்து வைத்த சுரக்குறிப்புதான் கணக்கில் வந்தது. ஒரு பாட்டின் 'உணர்வு' யாருக்குச் சொந்தம், பேஸ் வரியும் தட்டும் ஓசையும் படைப்பா அலங்காரமா என்பதெல்லாம் அங்கே கேள்விகளாயின. மிஸ்ரத்தையும் ஸ்விங்கையும் நீங்கள் அளக்கும் அதே வகுப்பில் இதையும் பேசலாம்.


இரண்டாம் வயலின் எழுதியது:

உரிமைக்கணக்கு சொன்னதைப் படித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது: காது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நலத் துறையின் பரிந்துரை. 94ல் ஒரே ஒரு மணி நேரம். சின்னப் பயிற்சி அறையில் டிரம்ஸ் அதைத் தாண்டுவதற்கு முயற்சியே வேண்டாம். என் இடது காதுக்குப் பக்கத்திலேயே வயலின் இருக்கிறது. படித்த காலம் முழுவதும் இதை யாரும் சொன்னதில்லை. மணிக்கட்டு வலிக்கும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் சாதகம் செய் என்பார்கள். முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டிய பாடம் இது.


பழைய பியானோ எழுதியது:

நல்லது சொன்னீர்கள் அம்மா. என் தலைமுறைக்கும் யாரும் சொல்லவில்லை.

இப்போது நாதவெளியின் திட்டத்துக்கே வருகிறேன், இரண்டு கேள்வி. ஒன்று, கருவியே ஒரு நிமிடத்தில் முழுப் பாட்டையும் உருவாக்கித் தரும் காலம் இது. ஒருவர் கொண்டுவரும் ஒலிப்பதிவை அவர்தான் செய்தார் என்று எப்படி நம்புவது? மேடையில் வாசிப்பதில் ஏமாற்ற முடியாது, கோப்பில் முடியும். இரண்டு, இதையெல்லாம் யார் நடத்துவது? எங்களைப் போன்றவர்களுக்கு மிக்ஸிங் தெரியாது. தெரிந்தவர்களுக்கு முனைவர் பட்டம் இல்லை, விதிப்படி வேலை கொடுக்க முடியாது.


மிக்ஸிங் மேசை எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். கோப்பை வாங்கி மதிப்பெண் போடாதீர்கள். மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திட்டத்தைத் திறக்கச் சொல்லுங்கள். "இந்தக் குரலில் ஏன் இவ்வளவு எதிரொலி? அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைக்காமல் வேறு வழியில் நிரப்பு, இருபது நிமிடம்" என்று கேளுங்கள். அல்லது, "இதே பாட்டை ஒளிபரப்புக்குக் கொடு" என்று கேளுங்கள். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்துகிறது, ஐரோப்பிய ஒளிபரப்பில் மைனஸ் 23. இரண்டுக்கும் நடுவில் என்னென்ன முடிவுகள் மாறும் என்று அவர் கையால் செய்து காட்டட்டும். தானே செய்தவருக்கு இது விளையாட்டு, வாங்கி வந்தவருக்கு ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.


நாதவெளி எழுதியது:

இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்: திறந்து காட்டு, மாற்றிக் காட்டு. அரேஞ்ச்மென்ட்டுக்கும் பொருந்தும். "உன் ட்ரம்பெட்காரர் வரவில்லை, கிளாரினெட்டுக்கு மாற்று" என்றால் இசை தெரிந்தவர் மாற்றுவார்.

யார் நடத்துவது என்பதற்கு ஜான் சௌனிங்கை நினைத்துப் பாருங்கள். 1967ல் ஸ்டான்ஃபோர்டில் எஃப்எம் சிந்தசிஸ் என்ற மின்னணு ஒலி உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பணி தர மறுத்தது. யமஹா அந்தக் கண்டுபிடிப்புக்கு உரிமம் வாங்கிய பின்னணியில் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1983ல் வந்த யமஹாவின் டிஎக்ஸ்7 சிந்தசைசர் அந்த முறையில்தான் ஒலித்தது, அந்தப் பத்தாண்டின் எத்தனையோ பாட்டுகளில் அதன் எலெக்ட்ரிக் பியானோ கேட்கும். யார் பேராசிரியர் ஆகலாம் என்ற நம் அளவுகோல் சரியான ஆளைத் தவறவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஸ்டூடியோவில் இருபது வருடம் உழைத்தவரைப் பணி அனுபவத்தின் அடிப்படையில் எடுக்க விதி வேண்டும். அதுவரை இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் வகுப்புகள்: பியானோ சாரும் மிக்ஸிங் மேசையும் ஒரே அறையில்.

எது வெளியே போகும் என்று கேட்டீர்கள். காலவரிசை வரலாறு நான்கு செமஸ்டரிலிருந்து இரண்டாகும், ஒலிப்பதிவு வந்த பிறகான நூற்றாண்டுக்கு அதில் ஒன்று. நான்கு குரல் எழுத்து போகாது. விசைப்பலகைக்கு இடம் மாறும், இரண்டு வருடத்திலிருந்து ஒன்றாகும், பேஸ் கொடுத்து மேலே கற்பனை செய்யும் முறையில். மீதி ஒரு வருடம் தாளத்துக்கும் ஒலிநிறத்துக்கும். ஒலிப்பதிவு தனிப் பாடமாக இருக்காது. எல்லா மாணவரும் முதல் வாரத்திலிருந்து தங்கள் வாசிப்பைத் தாங்களே பதிவு செய்து வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். கற்பனை வாசிப்பு எல்லோருக்கும் கட்டாயம், முதல் வருடத்திலிருந்தே. காது பாதுகாப்பும் கைநலமும் முதல் வாரம். உரிமைப் பங்கீடு, மூன்றாம் வருடம் கூட்டாகப் பாட்டு செய்யும்போது.

கூட்டுப் படைப்புக்கு மதிப்பெண் எப்படிப் பிரிப்பது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் ஒருவர் உழைப்பில் மூவர் தேறுவார்கள். பிரித்தால் ஒவ்வொருவரும் தன் பகுதியைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள், பாட்டு கெடும்.


தாளக்கட்டு எழுதியது:

பங்கீட்டுத் தாளையே பயன்படுத்துங்கள். நால்வரும் உட்கார்ந்து அவர்களே சதவீதம் எழுதட்டும், காரணத்தோடு. பாட்டுக்கு ஒரு மதிப்பெண், அது எல்லோருக்கும் பொது. தனி மதிப்பெண் அந்தத் தாளைப் பற்றி ஒவ்வொருவரும் பேசுவதிலிருந்து. உண்மையில் வெளியே நடப்பதும் இதுதான். ஒன்று மட்டும்: சண்டை வரும், அதற்கு நேரம் ஒதுக்கிவையுங்கள்.


உரிமைக்கணக்கு எழுதியது:

நல்ல யோசனை. சமப் பங்கு என்று நால்வரும் எழுதினால் அதையும் செல்லுபடியாக்குங்கள். பல நல்ல குழுக்கள் அப்படித்தான் ஒற்றுமையாக இருக்கின்றன.


பழைய பியானோ எழுதியது:

நாதவெளி, நான் உங்கள் குழுவில் இருந்தால் இரண்டு நிபந்தனையோடு கைதூக்குவேன். ஒன்று, மேடை நிகழ்ச்சியில் அரை மணி நேரமாவது பிறர் எழுதிய, கடினமான, மாணவர் தானாகத் தேர்ந்தெடுக்காத ஒரு படைப்பு இருக்க வேண்டும். தன் விருப்பத்துக்கு வெளியே இருக்கும் ஒன்றின் முன்னால் மாதக்கணக்கில் உட்காரும் பழக்கம் வேறு எங்கும் கிடைக்காது. இரண்டு, விசைப்பலகை ஆர்மனி வகுப்பில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. நாற்பது பேரை உட்காரவைத்தால் பார்ட்டிமெண்டோவும் காகிதத்துக்கே திரும்பிவிடும். இந்த இரண்டையும் வரைவில் எழுதி இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.


நாதவெளி எழுதியது:

இரண்டையும் சேர்க்கிறேன் சார். எட்டுப் பேர் என்பதற்குத்தான் நிர்வாகத்திடம் அதிகம் போராட வேண்டியிருக்கும், அதனால் அதை வரைவின் முதல் பக்கத்திலேயே வைக்கிறேன். தேர்வு விதிகள் பகுதியை இந்த வார இறுதிக்குள் இங்கே ஏற்றுகிறேன். மிக்ஸிங் மேசை, ஒலிநிறக் காதுப் பயிற்சிக்கு முதல் செமஸ்டருக்கான பயிற்சி வரிசை ஒன்றை நீங்கள் எழுதித் தர முடியுமா?